உள் லிங்க் ப்ளகின் எந்தெந்த போஸ்ட் டைப்பைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது: எங்கே கட்டுப்படுத்துவது?

கிளிஞ்சல் எழுதியது:

வணக்கம். ஒரு வேர்ட்பிரஸ் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கட்டுரைகள், பக்கங்கள், பாடங்கள், கலைச்சொற்கள், வாடிக்கையாளர் கருத்துகள் என்று ஐந்தாறு வகை (போஸ்ட் டைப்) இருக்கிறது, அது போக ஆன்லைன் கடைக்கான வூகாமர்ஸ் வேறு. கட்டுரைக்குக் கட்டுரை கையால் லிங்க் தேடிப் போடுவது பெரிய வேலையாக இருந்ததால் உள் லிங்க் பரிந்துரைக்கும் ப்ளகின் ஒன்றை நிறுவினேன். பெயர் வேண்டாம், இது அந்த ஒன்றுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று தோன்றவில்லை.

நிறுவியதும் தளம் முழுவதையும் படித்து இண்டெக்ஸ் (டேட்டாபேஸில் தனக்கென ஒரு டேபிள்) கட்டியது. இப்போது எடிட்டரில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் வரும் பரிந்துரைகளில் பாதி குப்பை. பக்கங்களை வடிவமைக்கும் பேஜ் பில்டரின் "ஹெடர் பழையது" டெம்ப்ளேட் வருகிறது, இரண்டு வரி வாடிக்கையாளர் கருத்து வருகிறது, ஒரே பொருளின் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக வரிசை கட்டி நிற்கின்றன. எனக்கு உண்மையில் வேண்டிய கலைச்சொல் பக்கங்கள் மட்டும் வருவதே இல்லை!

செட்டிங்ஸில் போஸ்ட் டைப் பட்டியல் இருக்கிறது. டெம்ப்ளேட்டுக்கும் கருத்துக்கும் டிக்கை எடுத்தேன், ஆனாலும் வருகின்றன. பொருளின் வேரியேஷன் (ஒவ்வொரு அளவுக்கும் நிறத்துக்கும் உள்ள தனிப் பதிவு) அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஆனால் பரிந்துரையில் வருகிறது. கலைச்சொல்லும் பட்டியலில் இல்லை, அது பரிந்துரையிலும் வருவதில்லை. இந்தப் பட்டியல் எதை வைத்து உருவாகிறது, டிக் எடுத்தால் உண்மையில் என்ன நடக்கிறது, யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

நூலாம்படை எழுதியது:

டிக்கை எடுத்த பிறகு ரீஇண்டெக்ஸ் கொடுத்தீர்களா? பெரும்பாலான ப்ளகின்களில் அந்த டிக் "இனிமேல் படிக்காதே" என்றுதான் சொல்கிறது. ஏற்கெனவே படித்துச் சேர்த்ததை அழிப்பதில்லை. சேமி பட்டனை அமுக்கியவுடன் எல்லாம் சுத்தமாகும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அது தன் பழைய டேபிளையே வைத்துப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கும்.

பின்கதவு எழுதியது:

நூலாம்படை சொன்னது டெம்ப்ளேட், கருத்து இரண்டுக்கும் பொருந்தும். வேரியேஷனும் கலைச்சொல்லும் வேறு கதை.

ஒரு போஸ்ட் டைப்பைப் பதிவு செய்யும்போது அதற்கு ஒரு கொத்துக் குணங்களைக் கொடுக்கிறோம். இங்கே முக்கியமானவை மூன்று. பப்ளிக் என்பது பொதுவான குணம், மற்றவை தனியாகச் சொல்லப்படாவிட்டால் இதிலிருந்துதான் மதிப்பை எடுத்துக்கொள்ளும். பப்ளிக்லி க்வெரியபிள் என்பது அந்த வகைக்கு வாசகர் திறந்து பார்க்கக்கூடிய முகவரி உண்டா என்பது. எக்ஸ்க்ளூட் ஃப்ரம் சர்ச் என்பது தளத்தின் தேடலில் வரக் கூடாதா என்பது, சொல்லாமல் விட்டால் பப்ளிக்குக்கு நேர் எதிர் மதிப்பு இதற்கு வரும்.

ப்ளகின் எழுதுகிறவர் செட்டிங்ஸ் பட்டியலை உருவாக்கும்போது வழக்கமாகச் செய்வது, பப்ளிக் ட்ரூ (ஆம்) என்று இருக்கும் வகைகளை மட்டும் கேட்டு வாங்கி வரிசையாக டிக் பெட்டி போடுவதுதான். பேஜ் பில்டர் டெம்ப்ளேட் அந்தப் பட்டியலில் வருவதற்குக் காரணம், ப்ரிவ்யூ காட்ட வேண்டும் என்பதற்காகச் சில பில்டர்கள் தம் டெம்ப்ளேட் வகையை பப்ளிக் என்றே பதிவு செய்கின்றன. வூகாமர்ஸின் வேரியேஷன் வகை பப்ளிக் இல்லை, அதனால் பட்டியலில் இல்லை. அப்படியிருந்தும் பரிந்துரையில் வருகிறது என்றால், பட்டியலை உருவாக்கும் கோடும் (நிரல்) தளத்தைப் படிக்கும் கோடும் வேறு வேறு விதியில் ஓடுகின்றன என்று அர்த்தம். படிக்கும் பக்கம் "பப்ளிஷ் நிலையில் இருக்கும் எல்லாம்" என்று நேராக போஸ்ட்ஸ் டேபிளைக் கேட்டிருப்பார்கள். வேரியேஷனும் அங்கே பப்ளிஷ் நிலையில்தான் உட்கார்ந்திருக்கும். தனிப் பக்கம் கிடையாது, தாய்ப் பொருளின் பக்கத்தில் அந்த அளவும் நிறமும் தேர்வான நிலையில் காட்டுவதோடு சரி. ஒரு பொருளுக்கு 5 அளவு, 6 நிறம் என்றால் 30 வேரியேஷன், ஆக ஒரே பக்கத்துக்கு 31 போட்டியாளர்கள்.

கலைச்சொல் வகையை யார் எங்கே பதிவு செய்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கோடைப் பார்க்காமல் ஊகிக்க விரும்பவில்லை.

கிளிஞ்சல் எழுதியது:

ரீஇண்டெக்ஸ் கொடுத்தேன். டெம்ப்ளேட்டும் கருத்தும் போய்விட்டன, நன்றி நூலாம்படை. வேரியேஷன் அப்படியே இருக்கிறது.

கலைச்சொல் வகை எனக்கு முன்னால் இந்தத் தளத்தைப் பார்த்தவர் எழுதிய சின்ன ப்ளகின் ஒன்றில் இருக்கிறது. அதில் பப்ளிக் ஃபால்ஸ் (இல்லை), பப்ளிக்லி க்வெரியபிள் ட்ரூ, ஷோ யூஐ (அட்மினில் காட்டு) ட்ரூ, ஷோ இன் ரெஸ்ட் (ரெஸ்ட் ஏபிஐயில் காட்டு) ட்ரூ என்று போட்டிருக்கிறார். பக்கங்கள் நன்றாகத் திறக்கின்றன, கூகுளிலும் வருகின்றன. பிறகு ஏன் பப்ளிக் ஃபால்ஸ்?

பின்கதவு எழுதியது:

தளத்தின் தேடலில் கலைச்சொற்கள் வந்து கட்டுரைகளை மறைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். பப்ளிக்கை ஃபால்ஸ் ஆக்கினால் தேடலிலிருந்து விலகும், பக்கம் திறக்க வேண்டுமே என்று க்வெரியபிளை மட்டும் தனியாக ட்ரூ ஆக்கியிருக்கிறார். தவறில்லை. ஆனால் வெளி உலகத்துக்கு அந்த வகை அரைக்கதவு திறந்த நிலையில் இருக்கிறது, பப்ளிக்கை மட்டும் கேட்கிற எந்த ப்ளகினுக்கும் அது கண்ணில் படாது. இப்போதே ஒரு சோதனை செய்யலாம். ப்ளாக் எடிட்டரில் வேர்ட்பிரஸின் சொந்த லிங்க் பெட்டியைத் திறந்து ஒரு கலைச்சொல்லின் பெயரைத் தட்டுங்கள். அங்கேயும் வராது, ஏனென்றால் அந்தப் பெட்டியின் தேடலும் பப்ளிக், ஷோ இன் ரெஸ்ட் இரண்டும் ட்ரூவாக உள்ள வகைகளைத்தான் தேடுகிறது.

ஒரு வகையை வாசகர் பார்க்க முடியுமா என்று கேட்க வேர்ட்பிரஸ் 4.4 முதல் தனி ஃபங்ஷனே இருக்கிறது, "இஸ் போஸ்ட் டைப் வ்யூவபிள்". நாமாக உருவாக்கிய வகைகளுக்கு அது க்வெரியபிளைப் பார்க்கும். ப்ளகின்காரர்கள் அதைக் கேட்டிருந்தால் உங்கள் கலைச்சொல் முதல் நாளே பட்டியலில் வந்திருக்கும்.

சரி செய்வது எளிது. வகையைப் பதிவு செய்யும் இடத்தில் பப்ளிக்கை ட்ரூ ஆக்கி, எக்ஸ்க்ளூட் ஃப்ரம் சர்ச்சையும் வெளிப்படையாக ட்ரூ என்று எழுதிவிடுங்கள், அவர் நோக்கமும் காப்பாற்றப்படும். ஒரு பக்கவிளைவு: வேர்ட்பிரஸ் 5.5 முதல் தானாகத் தரும் சைட்மேப்பில் பப்ளிக் வகைகள் மட்டும்தான் போகும், இனி கலைச்சொற்களும் அதில் வரும். உங்களுக்கு அது வேண்டியதுதான் என்று நினைக்கிறேன்.

ஒற்றைச்சக்கரம் எழுதியது:

அப்படியென்றால் இதையே திருப்பிப் போட்டால் போதுமே? எந்த வகை வேண்டாமோ அதன் பப்ளிக்கை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் எந்த ப்ளகினும் அதைத் தொடாது. வேறொருவர் பதிவு செய்த வகையாக இருந்தாலும் பதிவின் குணங்களை மாற்ற ஃபில்டர் (ஒரு மதிப்பை இடைமறித்து மாற்றும் வழி) இருக்கிறது. ஒவ்வொரு ப்ளகினின் செட்டிங்ஸிலும் போய் டிக் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பின்கதவு எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். பப்ளிக்கை மட்டும் மாற்றினால் க்வெரியபிளும் கூடவே ஃபால்ஸ் ஆகும், அந்த வகையின் பக்கங்கள் எல்லாம் 404. சரி, க்வெரியபிளைத் தனியாக ட்ரூ வைத்துக்கொள்கிறேன் என்றால், கலைச்சொல்லுக்கு நடந்ததைத்தான் திரும்பச் செய்கிறீர்கள். சைட்மேப் போகும், எடிட்டரின் லிங்க் தேடல் போகும், அட்மின் மெனு போகும், யார் எதைப் பப்ளிக்கை வைத்து முடிவு செய்கிறார்களோ அதெல்லாம் போகும்.

இதே வழியில் இன்னொரு பொறி எக்ஸ்க்ளூட் ஃப்ரம் சர்ச். பெயரைப் பார்த்தால் தேடலுக்கு மட்டும் என்று தோன்றும். ஆனால் டாக்ஸானமி (பதிவுகளைப் பிரிக்கும் பிரிவுகள்) ஆர்க்கைவ் பக்கத்துக்கு எந்த வகைகளை எடுப்பது என்று வேர்ட்பிரஸ் முடிவு செய்யும்போது இந்தக் குணத்தையும் பார்க்கிறது. ட்ரூ என்றால் அந்த வகையின் பதிவுகள் தம் சொந்தப் பிரிவுப் பக்கத்திலிருந்தே காணாமல் போகலாம். கிளிஞ்சல், கலைச்சொற்களுக்கு "துறை" மாதிரி ஏதாவது டாக்ஸானமி இருந்தால், நான் மேலே சொன்ன மாற்றத்தைச் செய்த பிறகு அந்தப் பக்கங்களை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். முன்பும் பப்ளிக் ஃபால்ஸ் வழியாக அதே மதிப்புதான் இருந்தது, அதனால் புதிதாக எதுவும் உடையாது. ஆனால் ஏற்கெனவே அந்தப் பக்கங்கள் காலியாகவே இருந்திருக்கலாம், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தளத்தின் அமைப்பு வேறு, ஒரு ப்ளகினின் பார்வை வேறு. பார்வையைக் குறைக்க அமைப்பை மாற்றக் கூடாது.

நூலாம்படை எழுதியது:

நான் கோடு எழுதுகிறவள் இல்லை, உள்ளடக்கத்தைப் பார்க்கிறவள். என் குறை இந்த டிக் பெட்டி மேலேயே. "இந்த வகையைச் சேர்க்கவா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறது. சேர்ப்பது என்றால் எதற்கு? இந்த வகைக்குள் இருக்கும் லிங்குகளைப் படிக்கவா, இல்லை இந்த வகையை நோக்கி லிங்க் போடச் சொல்லவா? இரண்டும் ஒன்றல்ல.

உங்கள் வாடிக்கையாளர் கருத்துகளையே எடுங்கள். அதற்குள் சில சமயம் ஒரு பாடத்துக்கோ பொருளுக்கோ லிங்க் இருக்கும். அந்தப் பாடத்தின் முகவரி மாறினால் கருத்துக்குள் இருக்கும் லிங்கும் உடையும், அதனால் படிக்கப்பட வேண்டும். ஆனால் ஒரு கட்டுரையிலிருந்து அந்த இரண்டு வரிக் கருத்துக்கு யாரும் வாசகரை அனுப்ப மாட்டார்கள். நேர் எதிராக, விளம்பரத்துக்காகச் செய்யும் லேண்டிங் பக்கங்களுக்கு மற்ற இடங்களிலிருந்து லிங்க் வரலாம், வர வேண்டும். அந்தப் பக்கத்துக்குள்ளிருந்து வாசகர் வேறெங்கும் போகாமல் இருக்கத்தான் அதைத் தனியாகவே செய்கிறோம், அங்கே போய் ப்ளகின் தானாக நாலு லிங்க் செருகினால் எப்படி இருக்கும்! தனியுரிமைக் கொள்கை, விதிமுறைகள் மாதிரிப் பக்கங்களும் அப்படித்தான். அதற்குள் இருக்கும் ஒரு சொல்கூட நம் அனுமதியில்லாமல் லிங்காக மாறக் கூடாது.

ஆக ஒவ்வொரு வகைக்கும் இரண்டு பதில் வேண்டும்: இதிலிருந்து படிக்கலாமா, இதற்கு அனுப்பலாமா. சில ப்ளகின்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது, கவனித்துப் பார்த்தால் கிடைக்கும். பல சமயம் ஒன்று பொது செட்டிங்ஸிலும் இன்னொன்று வேறு தாவலிலும் ஒளிந்திருக்கும். ஒரே பட்டியல்தான் என்றால் அது எந்தத் திசைக்கு என்பதை முதலில் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சோதனைப் பதிவில் ஒரு விசித்திரச் சொல்லைப் போட்டு, அந்தச் சொல் இன்னொரு பதிவில் வரும்போது பரிந்துரை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

டேபிள்_துடைப்பான் எழுதியது:

எல்லோரும் செட்டிங்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள், டேட்டாபேஸை யாரும் திறக்கவில்லை. முதல் வேலை, போஸ்ட்ஸ் டேபிளில் போஸ்ட் டைப் வாரியாகவும் நிலை வாரியாகவும் எத்தனை வரி இருக்கிறது என்று ஒரு க்ரூப் பை (வகைப்படுத்தி எண்ணும் எஸ்க்யூஎல் கட்டளை) போட்டுப் பாருங்கள். அட்மின் மெனுவில் ஒருபோதும் பார்த்திராத பெயர்கள் வரும். ரிவிஷன் (பதிவின் பழைய பதிப்புகள்), மெனு ஐட்டம், ஓஎம்பெட் கேஷ், கஸ்டம் சிஎஸ்எஸ், 2018இல் 5.0 வந்ததிலிருந்து மறுபயன்பாட்டு ப்ளாக்குகள், அதற்குப் பிறகு வந்த டெம்ப்ளேட், நேவிகேஷன் வகைகள் என்று எல்லாம் அந்த ஒரே டேபிளில்தான் குடியிருக்கின்றன. பழைய கடைகளில் ஆர்டர்களும் இங்கேதான் இருந்தன, வூகாமர்ஸ் 8.2 முதல் புதிய கடைகளுக்குத்தான் ஆர்டருக்குத் தனி டேபிள் என்பது இயல்பானது.

அடுத்து ப்ளகினின் சொந்த இண்டெக்ஸ் டேபிளைத் திறந்து, அதில் இருக்கும் ஐடிகளை போஸ்ட்ஸ் டேபிளோடு சேர்த்து அதே கணக்கைப் பாருங்கள். டிக் எடுத்த வகை அங்கே இன்னும் இருக்கிறதா, ரிவிஷன் நுழைந்திருக்கிறதா, டிராஃப்ட் நுழைந்திருக்கிறதா என்பது ஒரு நொடியில் தெரியும். செட்டிங்ஸ் திரை சொல்வதைவிட இந்தக் கணக்கு நம்பகமானது.

இன்னொன்று. தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் பதிவு செய்யப்பட்ட வகை, தீம் மாறினால் பதிவிலிருந்து போய்விடும், ஆனால் வரிகள் டேபிளில் அப்படியே கிடக்கும். எந்தப் பட்டியலிலும் வராது, டிக் எடுக்கவும் முடியாது, பப்ளிஷ் என்று இருப்பதால் பேராசைக்கார ப்ளகின் மட்டும் படித்துக்கொண்டேயிருக்கும். இரண்டு மூன்று தீம் பார்த்த தளம் என்றால் இதை அவசியம் தேடிப் பாருங்கள். பேக்கப் எடுக்காமல் எதையும் அழிக்காதீர்கள், இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிளிஞ்சல் எழுதியது:

க்ரூப் பை போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே "ஸ்லைடு" என்ற பெயரில் ஒரு வகை, எந்த மெனுவிலும் இல்லை, பழைய தீமுடையது. ரிவிஷன் நல்லவேளையாக இண்டெக்ஸில் இல்லை. ஆனால் இண்டெக்ஸில் பெரும் பங்கு வேரியேஷன்தான், கட்டுரைகளும் பக்கங்களும் சேர்ந்துகூட அதன் அருகில் வரவில்லை. சேமி அமுக்கினால் எடிட்டர் ஏன் மூச்சு வாங்குகிறது என்று இப்போது புரிகிறது.

கலைச்சொல்லை பப்ளிக் ஆக்கினேன், உடனே பட்டியலில் வந்துவிட்டது. "துறை" பக்கங்கள் உண்மையிலேயே காலி! பின்கதவு, எப்படித் தெரியும்? தேடலிலிருந்து விலக்கும் குணத்தை எடுத்துவிட்டு, தேடல் வினவலில் மட்டும் வகைகளைக் குறிப்பிட்டு எழுதிவிட்டேன், இப்போது வருகின்றன.

வேரியேஷனுக்கும் ஸ்லைடுக்கும் டிக் பெட்டியே இல்லையே, என்ன செய்வது?

பின்கதவு எழுதியது:

ப்ளகினின் கோப்புகளுக்குள் "அப்ளை ஃபில்டர்ஸ்" என்று தேடி, அருகில் போஸ்ட் டைப் என்ற சொல் வரும் இடங்களைப் பாருங்கள். நன்றாக எழுதப்பட்ட ப்ளகின் என்றால் படிக்கும் வகைகளின் பட்டியலை ஒரு ஃபில்டர் வழியாக அனுப்பியிருக்கும். உதாரணமாக யோஸ்ட் என்ற எஸ்இஓ (தேடுபொறிக்கான) ப்ளகினில் இண்டெக்ஸபிள் என்ற அதன் இண்டெக்ஸைக் கட்டும்போது எந்த வகைகளை விலக்க வேண்டும் என்று சொல்லவே தனி ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். உங்களுடையதிலும் ஏதாவது இருக்கும். அந்த ஃபில்டரில் விலக்குவதைவிட, வேண்டிய வகைகளை மட்டும் ஒரு பட்டியலாகத் திருப்பி அனுப்புங்கள். வகையின் உள் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், மெனுவில் தெரியும் பெயரை அல்ல. மெனுப் பெயர் இரண்டு வகைக்கு ஒன்றாகவே இருக்கலாம், உள் பெயர் அப்படி இருக்க முடியாது, 20 எழுத்துக்கு மேலும் போகாது.

கோடை தீமின் ஃபங்ஷன்ஸில் போடாதீர்கள். எம்யூ ப்ளகின்ஸ் (தானாகவே ஓடும் ப்ளகின்கள்) ஃபோல்டரில் ஒரு சின்னக் கோப்பாகப் போடுங்கள், தீம் மாறினாலும் நிற்கும், யாரும் தெரியாமல் முடக்கவும் முடியாது.

ஃபில்டரே இல்லையென்றால் ப்ளகினை மாற்றுங்கள். அதன் கோப்பைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

ஒற்றைச்சக்கரம் எழுதியது:

வேண்டியதை மட்டும் சொல்வது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்குப் புதிதாக "நிகழ்வு" என்று ஒரு வகை சேர்க்கிறீர்கள், அந்தக் கோப்பில் சேர்க்க யாருக்கும் நினைவிருக்காது. அதற்குள் உடைந்த லிங்குகள் குவிந்துகொண்டிருக்கும், ரிப்போர்ட் பச்சையாகவே காட்டும். நான் எல்லாவற்றையும் படிக்க விடுவேன், காட்டும்போது வடிகட்டிக்கொள்வேன். தெரியாமல் போவதைவிடத் தொந்தரவு பரவாயில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கிருந்தும் லிங்க் வராத அநாதைப் பக்கங்களின் ரிப்போர்ட்டை நம்பி எத்தனையோ பேர் பக்கங்களை நீக்குகிறார்கள். ஒரு பாடத்துக்கு லிங்க் கருத்துகளிலிருந்து மட்டும்தான் வருகிறது, கருத்துகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் என்றால் அந்தப் பாடம் அநாதை என்று வரும். மெனுவிலிருந்து மட்டும் லிங்க் உள்ள பக்கத்துக்கும் இதே கதிதான், மெனு ஐட்டத்தை எந்த ப்ளகின் எண்ணுகிறது?

நூலாம்படை எழுதியது:

அநாதை விஷயம் நியாயமான பேச்சு. ஆனால் நீங்கள் பேசுவது உடைந்த லிங்க் தேடுவதைப் பற்றி, கிளிஞ்சல் கேட்டது பரிந்துரை பற்றி. உடைந்ததைத் தேடும்போது வலை அகலமாக இருக்கட்டும், அங்கே வேண்டாததை மட்டும் விலக்குங்கள், புதிய வகை தானாக உள்ளே வரும். பரிந்துரைக்கு நேர்மாறு, அனுமதித்தது மட்டுமே. புதிய வகை பரிந்துரையில் வராமல் ஒரு மாதம் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வரக் கூடாத டெம்ப்ளேட்டுக்கு ஒரு எழுத்தாளர் லிங்க் போட்டு வெளியிட்டுவிட்டால் வாசகர் போய் நிற்பது பாதி ஹெடர் தெரியும் ஒரு வெள்ளைப் பக்கத்தில்.

ஒற்றைச்சக்கரம் எழுதியது:

அனுப்பும் திசைக்கு ஒத்துக்கொள்கிறேன். படிக்கும் திசைக்கு என் கருத்து அப்படியேதான்.

டேபிள்_துடைப்பான் எழுதியது:

"எல்லாவற்றையும் படி" என்பதற்கு விலை இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பெரிய கடையில் வேரியேஷன் அத்தனையும் படிக்க விட்டால் கிரான் (நேரம் குறித்துப் பின்னணியில் ஓடுவது) வேலை முடியவே முடியாது. வேர்ட்பிரஸின் கிரான் யாராவது தளத்துக்கு வரும்போதுதான் தட்டி எழுப்பப்படுகிறது, கூட்டம் இல்லாத தளத்தில் இண்டெக்ஸ் பாதியிலேயே தூங்கும். சர்வரின் சொந்த கிரானுக்கு மாற்றிவிடுவது நல்லது.

பின்கதவு எழுதியது:

வகையைச் சேர்த்தாலே உள்ளிருக்கும் லிங்க் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ப்ளகின் படிப்பது பெரும்பாலும் போஸ்ட்ஸ் டேபிளில் போஸ்ட் கன்டென்ட் என்ற ஒரே ஒரு நெடுவரிசையைத்தான்.

ப்ளாக் எடிட்டரில் ஒத்திசைந்த பேட்டர்ன் (முன்பு மறுபயன்பாட்டு ப்ளாக் என்றார்கள்) ஒன்றைக் கட்டுரைக்குள் போட்டிருக்கிறீர்கள், அதில் மூன்று லிங்க் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் போஸ்ட் கன்டென்ட்டைத் திறந்தால் அந்த இடத்தில் இருப்பது ஒரு எச்டிஎம்எல் கமெண்ட் வரி, அதற்குள் ரெஃப் என்று போட்டு ஓர் எண், அவ்வளவுதான். மூன்று லிங்கும் அந்த எண்ணுள்ள வேறொரு பதிவில், ப்ளாக் வகையில் இருக்கின்றன. அந்த வகை பப்ளிக் இல்லை. ஆக வாசகர் நூறு கட்டுரையில் பார்க்கும் லிங்கை ப்ளகின் ஒரு கட்டுரையில்கூடப் பார்க்காது. ப்ளாக் வகையை "படிக்கலாம், அனுப்பக் கூடாது" என்ற பக்கம் சேர்க்க வேண்டியதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

கஸ்டம் ஃபீல்டுகளும் அப்படியே. ஏசிஎஃப் (அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்) மாதிரி ப்ளகின்களின் மதிப்புகள் போஸ்ட்மெட்டா டேபிளில் இருக்கின்றன. உறவு ஃபீல்டு என்றால் அங்கே முகவரியே இருக்காது, வெறும் ஐடி எண்கள், டெம்ப்ளேட்தான் அதை லிங்காக மாற்றுகிறது. எலிமென்டார் என்ற பேஜ் பில்டர் தன் வடிவமைப்பை ஜேசன் என்ற உரை வடிவில் மெட்டாவில் வைக்கிறது, அதில் முகவரியின் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரணமாக முகவரியைத் தேடினால் சிக்காது.

கடைசியாக, இண்டெக்ஸ் புதுப்பிக்கப்படுவது பெரும்பாலும் பதிவைச் சேமிக்கும்போது தானாக ஓடும் ஹூக் என்ற இணைப்பால். டபிள்யூபி சிஎல்ஐ என்ற கட்டளை வரிக் கருவியில் சர்ச் ரீப்ளேஸ் (தேடி மாற்றுதல்) ஓட்டினாலோ நேராக டேபிளைத் திருத்தினாலோ அந்த ஹூக் ஓடாது. டொமைன் மாற்றிய பிறகு இண்டெக்ஸ் பழைய முகவரிகளையே காட்டினால் முழு ரீஇண்டெக்ஸ்தான் வழி.

சும்மா_இரு எழுதியது:

ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சந்தேகம். நான் எஸ்இஓ ப்ளகினில் கருத்துகள் வகைக்கு "தேடல் முடிவுகளில் காட்டாதே" என்று போட்டிருக்கிறேன். லிங்க் ப்ளகினும் அதை மதிக்காதா?

நூலாம்படை எழுதியது:

மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நோஇண்டெக்ஸ் என்பது கூகுள் மாதிரித் தேடுபொறிக்குப் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதும் சீட்டு. லிங்க் ப்ளகின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை, டேபிளைப் படிக்கிறது. சில ப்ளகின்கள் நோஇண்டெக்ஸ் பக்கங்களைத் தவிர்க்க ஒரு தனி டிக் வைத்திருக்கின்றன, இருந்தால் அனுப்பும் திசைக்கு அதைப் போட்டுவிடுங்கள். படிக்கும் திசைக்குப் போடாதீர்கள், நோஇண்டெக்ஸ் பக்கத்திலும் லிங்க் உடையும்.

கிளிஞ்சல் எழுதியது:

ஃபில்டர் கிடைத்தது, ஆவணத்தில் இல்லை, கோப்புக்குள்தான் இருந்தது. எம்யூ ப்ளகின்ஸில் போட்டு இப்படி வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு: கட்டுரை, பக்கம், பாடம், கலைச்சொல், பொருள். படிப்பதற்கு அவை ஐந்தும், கூடவே கருத்துகளும் ப்ளாக் வகையும். தானாக லிங்க் செருகும் வசதியை மொத்தமாக அணைத்துவிட்டேன், பரிந்துரை மட்டும் போதும். லேண்டிங் பக்கங்கள் தனி வகை இல்லை, சாதாரணப் பக்கம்தான், அதனால் அவற்றையும் கொள்கைப் பக்கங்களையும் ஐடி கொடுத்துப் படிப்பதிலிருந்து விலக்கினேன். ஒற்றைச்சக்கரம் சொன்னதற்காக, உடைந்த லிங்க் சோதனையைத் தனிக் கருவியில், வேரியேஷனையும் ஸ்லைடையும் மட்டும் விலக்கி ஓட்டப் போகிறேன்.

பழைய வரிகளைக் காலி செய்து ரீஇண்டெக்ஸ் கொடுத்தபோது முன்பு எடுத்த நேரத்தில் ஒரு சிறு பங்குதான் ஆனது. கலைச்சொற்கள் பரிந்துரையில் முதலில் வருகின்றன.

ஒன்று மட்டும் மிச்சம். தளம் இரண்டு மொழியில் இருக்கிறது, பாலிலாங் என்ற பன்மொழி ப்ளகின் போட்டிருக்கிறோம். தமிழ்க் கட்டுரையில் ஆங்கிலப் பாடம் பரிந்துரையாக வருகிறது. வகை இரண்டுக்கும் ஒன்றுதானே, இதை எப்படிப் பிரிப்பது?

பின்கதவு எழுதியது:

வகையை வைத்துப் பிரிக்க முடியாது. பாலிலாங்கில் ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் தனிப் பதிவு, மொழி என்பது ஒரு டாக்ஸானமி. பரிந்துரைக்கான வினவலுக்கு ஃபில்டர் இருந்தால், திருத்திக்கொண்டிருக்கும் பதிவின் மொழியை எடுத்து அதே மொழி என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். அட்மின் பக்கம் என்பதால் "தற்போதைய மொழி" என்று கேட்டால் மேல் பட்டையில் தேர்ந்தெடுத்ததைத்தான் தரும், பதிவின் ஐடியைக் கொடுத்து அதன் மொழியைக் கேளுங்கள். அந்த ஃபில்டரின் பெயரையும் அது என்ன மதிப்புகளை வாங்குகிறது என்பதையும் புது இழையில் போடுங்கள், பார்க்கலாம்.